வளவுக்குள் புதைந்த போத்தல்கள்: தோண்டுவதற்கும் மதிப்பிடுவதற்கும் ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் போத்தல் என்பது ஒரு பாத்திரத்தின் பெயராக மட்டும் இருந்ததில்லை. அது ஓர் அளவின் பெயராகவும் இருந்தது. பாலும் நல்லெண்ணெயும் மண்ணெண்ணெயும் கள்ளும் போத்தல், அரைப்போத்தல், கால்போத்தல் என்றே அளந்து விற்கப்பட்டன. ஆறு போத்தல் கொண்டது ஒரு கலன் (பிரித்தானிய கேலன்) என்ற பழைய கணக்கின்படி ஒரு போத்தல் ஏறத்தாழ 757 மில்லிலீற்றர். ஆதலால், கப்பலேறி வந்த சாராயமோ பியரோ தீர்ந்தபின் வெறும் போத்தலை எம்மவர் இலகுவில் எறிந்துவிடவில்லை. கழுவிக் காயவைத்து, கடதாசியைச் சுருட்டி அடைத்து, எண்ணெய்க்கும் மருந்துக்கும் தலைமுறை கடந்தும் பயன்படுத்தினார்கள். வாய் உடைந்த பிறகே அது வளவின் மூலைக்குப் போயிற்று.

புதிதாக இந்த முயற்சியில் இறங்குபவர் மனத்தில் கொள்ளவேண்டிய முதல் விடயம் இதுதான். உங்கள் கையில் கிடைக்கும் போத்தலுக்கு இரண்டு வயதுகள் உண்டு: அது செய்யப்பட்ட காலம் ஒன்று, மண்ணுக்குள் போன காலம் இன்னொன்று. இரண்டுக்கும் இடையில் ஐம்பது ஆண்டு இடைவெளி இருந்தாலும் வியப்பதற்கில்லை. முதலாவதைப் போத்தலே சொல்லும். இரண்டாவதை அது கிடந்த மண்தான் சொல்லும். அதனால்தான் எப்படித் தோண்டுவது என்பதை, என்ன விலை பெறும் என்பதற்கு முன்னால் வைக்கிறேன்.

தோண்டுவதற்கு முன்: நிலமும் சட்டமும்

பிற நாடுகளில் இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி எழுதுபவர்கள் மண்வெட்டியிலிருந்து தொடங்குவார்கள். நாங்கள் வெடிபொருளிலிருந்து தொடங்கவேண்டியிருக்கிறது. தொடர்ந்து குடியிருப்பு இருந்த, பலமுறை கொத்திப் பயிர்வைத்த வளவுகளில் மட்டும் தோண்டுங்கள். முகமாலை, கிளாலி, நாகர்கோவில் போன்ற போர்க்கால முன்னரங்கப் பகுதிகளிலும், வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்து விடுவிக்கப்பட்ட காணிகளிலும் இந்த வேலையே வேண்டாம். கண்ணிவெடி அகற்றும் பணி ஒரு குறிப்பிட்ட ஆழம் வரையே நிலத்தைச் சோதிக்கிறது. நீங்கள் தேடும் போத்தல் அதற்கும் கீழே கிடக்கலாம். தோண்டும் இடத்தில் இனந்தெரியாத உலோகப் பொருள் ஏதேனும் தென்பட்டால் அதைத் தொடாமல், வந்த வழியாகவே திரும்பி, பொலிசாருக்கு 119 என்ற இலக்கத்தில் அறிவிக்கவேண்டும். எலும்புகள் தென்பட்டாலும் அவ்வாறே வேலையை அந்த நொடியில் நிறுத்துங்கள். அது மாட்டெலும்பா மனித எலும்பா என்று தீர்மானிப்பது உங்கள் வேலையன்று. காணாமற்போனவர்களைத் தேடிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் வாழும் ஊரில், கலைக்கப்படாத மண்ணே சாட்சி.

அடுத்தது சட்டம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு, அதாவது கண்டி உடன்படிக்கை கையெழுத்தான நாளுக்கு முற்பட்ட பொருள்கள் தொல்பொருள்களாகக் கருதப்படும். அவற்றைத் தேடி அனுமதிப்பத்திரம் இல்லாமல் அகழ்வது, காணி உங்களுடையதாகவே இருந்தாலும், குற்றமாகும். ஆகவே கோட்டையைச் சுற்றியும், கந்தரோடை, ஆனைக்கோட்டை, அல்லைப்பிட்டி போன்ற தொல்லியல் இடங்களிலும் கால் வைக்காதீர்கள். வீட்டுக் குப்பைக்கிடங்கைக் கிளறும்போது, வெங்காயம்போல அடி பருத்துக் கழுத்து குறுகிய கரும்பச்சைப் போத்தலோ ஒல்லாந்தர் காலத்துச் செப்புக்காசோ எதிர்பாராமல் வெளிப்பட்டால், அங்கேயே நிறுத்திப் படம் எடுத்துவிட்டுத் தொல்பொருள் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் கற்பிப்பவர்களிடமும் ஆலோசனை பெறலாம். இந்தக் கட்டுரை பேசுவது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் சென்ற தலைமுறை வரையான வீட்டுக் கழிவைப் பற்றியே.

காணி உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள். கிடைப்பது யாருக்குச் சேரும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளருக்காகக் காணியைப் பார்த்துக்கொள்பவரின் வாய்ச்சொல் போதாது. அயலவருக்கும் கிராம அலுவலருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வளவுக்குள் ஆழமாகக் கிடங்கு வெட்டுபவரைக் கண்டால் புதையல் தோண்டுகிறார் என்ற கதை ஒரே மாலையில் ஊர் முழுவதும் பரவிவிடும். இரவில் ஒருபோதும் தோண்டவேண்டாம்.

எப்போது, எதைக் கொண்டு

ஐப்பசி முதல் மார்கழி வரை மாரிமழை. அது ஓய்ந்த தை, மாசி மாதங்களில் வலிகாமத்துச் செம்மண் பதமாக இருக்கும். ஆடியில் அதே மண் அலவாங்குக்கும் விட்டுக்கொடுக்காது. வலுவந்தமாகக் குத்தினால் உள்ளே இருப்பது உடையும். தடித்த தோல் கையுறை, அடி தடித்த சப்பாத்து, முழங்கால் மறைக்கும் காற்சட்டை ஆகியன கட்டாயம். ஏற்பு (ரெற்றனஸ்) நோய்க்கான தடுப்பூசி போட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தால் முதலில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். கல்லும் ஓடும் குவிந்த இடத்தில் புடையனும், மணற்பாங்கான இடத்தில் சுருட்டையும் படுத்திருக்கும். ஆதலால் வெறுங்கையை ஓட்டைக்குள் விடக்கூடாது.

மேல்மண்ணை எடுக்க மண்வெட்டி போதும். கண்ணாடி தென்படத் தொடங்கியதும் மண்வெட்டியை வேலியோரம் சாத்திவிட்டு மேசன்மார் பாவிக்கும் சாந்தகப்பையை எடுங்கள். போத்தலைச் சுற்றியுள்ள மண்ணை நீக்க, கூராக்கிய பூவரசந்தடி இரும்பைவிட நல்லது. அது கண்ணாடியைக் கீறாது. அரிதட்டு ஒன்று, மண் கொட்ட ஒரு தறப்பாள், கிடைப்பதை வைக்க வைக்கோல் பரப்பிய கடகம், ஓர் அளவுநாடா, ஒரு கொப்பி, ஒரு பென்சில் ஆகியவையும் வேண்டும்.

எங்கே பார்ப்பது

பிசுங்கான் காலில் ஏறிவிடும் என்ற பயம் வெறுங்காலோடு நடந்த சமூகத்தில் மிகப் பெரியது. அதனால் உடைந்த கண்ணாடியை நடைபாதையில் விடாமல் கோடிப்புறத்து மூலையிலோ, கிளுவை வேலியின் அடியிலோ, பழைய மாட்டுக்கொட்டிலின் பின்னாலோ, இதற்கென வெட்டிய கிடங்கிலோதான் போட்டார்கள். மூத்தவர் ஒருவரை வளவுக்குள் அழைத்துச் சென்று, “ஆச்சி, முந்தி உங்கட வீட்டில குப்பை எங்க கொட்டினனீங்கள்?” என்று கேட்பதற்கு ஈடான கருவி எதுவும் இல்லை. பழைய கடைகளின் பின்புறம், சோடா விற்ற சந்திகளை அண்டிய காணிகள், மருந்தகமாக இருந்த வீடுகள் ஆகியவை அடுத்தபடியாகப் பயன் தருவன.

கைவிடப்பட்ட கிணற்றையும் பழைய மலக்குழியையும் தொடாதீர்கள். தூர்ந்த கிணற்றின் சுவர் இடியும். அடியில் நச்சுக்காற்று தங்கியிருக்கும். பாவனையில் உள்ள கிணற்றை அண்டியும் தோண்டக்கூடாது. எமது குடிநீரில் பெரும்பகுதி சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளில் தங்குவது. பழைய போத்தலுக்குள் எஞ்சியிருக்கும் பூச்சிமருந்து அதில் கலந்தால் மீட்க வழியில்லை. போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்கு ஒளிய வெட்டிய வீட்டுப் பங்கர்களைப் பின்னாளில் குப்பையிட்டு மூடிய கிடங்குகளும் பலருடைய வளவில் உண்டு. அவற்றுள் வீட்டுக்காரரே வெட்டி, வீட்டுக்காரரே மூடியவற்றை மட்டும், அவர் அருகில் நிற்கத் தோண்டுங்கள். வேறெவரும் பயன்படுத்திய பங்கரை விட்டுவிடுங்கள்.

தோண்டும் முறை

ஒரு மீற்றர் நீளமும் அகலமும் கொண்ட சதுரத்தை ஈர்க்குக் குச்சிகளும் நூலும் கொண்டு குறியுங்கள். பத்துச் சதமமீற்றர் ஆழத்தை ஒரு படையாகக் கொண்டு, ஒரு படை முழுவதையும் எடுத்து முடித்த பின்பே அடுத்த படைக்கு இறங்குங்கள். சாம்பலும் கரியும் மட்டிச்சிப்பியும் நண்டோடும் பீங்கான் துண்டும் கலந்த கருமண் வந்தால் நீங்கள் குப்பைக்குள் வந்துவிட்டீர்கள். வெறும் செம்மண்ணோ சுண்ணக்கல்லோ தொடர்ந்து வந்தால் கிடங்கின் அடியைக் கடந்துவிட்டீர்கள்.

ஒவ்வொரு படையிலும் பிளாஸ்ரிக் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சொப்பிங் பை துண்டு கிடந்தால், அதனோடு கிடக்கும் போத்தல் எவ்வளவு பழைமையாகத் தெரிந்தாலும் அது எறியப்பட்டது அண்மைக் காலத்தில்தான். பிளாஸ்ரிக் நின்று, எனாமல் கோப்பைத் துண்டுகளும் பழைய பீங்கானும் தொடங்கும் இடத்தில் கைவேகத்தைக் குறையுங்கள். போத்தலின் தோளோ அடியோ தெரிந்தால் அதைப் பிடித்து இழுக்கக்கூடாது. பாதிக்குமேல் மண் விலகும்வரை சுற்றியெடுத்து, இருந்த நிலையில் ஒரு படம் பிடித்து, ஆழத்தை அளந்து எழுதிய பின்னரே தூக்கவேண்டும். இடுப்பளவு ஆழத்துக்குமேல் இறங்காதீர்கள். மணல் வளவில் முழங்காலளவே எல்லை. வேலை முடிந்ததும் கிடங்கை மூடி மிதித்துவிடுங்கள். மழைநீர் தேங்கும் குழியும் அநாதரவாகக் கிடக்கும் போத்தலும் டெங்கு நுளம்புக்கு வீடு.

போத்தலை வாசித்தல்

இனிதான் இந்த வேலையின் சுவை. போத்தலைச் சாளரத்தருகே பிடித்து, விரலின் நுனியால் அதன் பக்கவாட்டில் உள்ள அச்சுக்கோட்டைத் தேடுங்கள். இரண்டு பகுதி அச்சு பொருந்திய இடத்தில் மெல்லிய வரம்புபோல அது மேலேறும். அந்தக் கோடு கழுத்தில் மறைந்துபோய் வாய் மட்டும் வழுவழுப்பாக இருந்தால், உடலை அச்சில் ஊதிய பின் வாயைத் தனியாகக் கருவியால் செய்திருக்கிறார்கள்; அது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளுக்குப் பிந்தாது. கோடு வாயின் விளிம்பையும் தாண்டி ஓடினால் அது இயந்திரத்தில் செய்யப்பட்டது. மைக்கேல் ஓவன்ஸ் என்ற அமெரிக்கர் தமது தானியங்கிப் போத்தல் இயந்திரத்துக்கு 1904இல் காப்புரிமை பெற்றார். அந்த இயந்திரத்தில் பிறந்த போத்தலின் அடியில், ஓரம் சிதைந்த ஒரு வட்ட வடு காணப்படும்.

அடியைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் தொப்புள்போலக் கரடான வடு இருந்தால், வாயைச் செய்யும்போது அடியை ஓர் இரும்புத் தண்டில் ஒட்டிப் பிடித்திருந்தார்கள் என்பது பொருள். சாதாரணப் போத்தல்களில் இது பெரும்பாலும் 1860களுக்கு முந்திய அடையாளம். அடியில் காணும் இலக்கத்தை ஆண்டென்று எண்ணி ஏமாறாதீர்கள். பெரும்பாலும் அது அச்சின் இலக்கமே.

எழுத்துகளும் காலம் சொல்லும். 1972 மே மாதத்தில் நாட்டின் பெயர் மாறியது. எனவே நாட்டின் பெயராகச் சிலோன் என்று பொறித்தது அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் சில நிறுவனங்கள் அந்தச் சொல்லைத் தங்கள் பெயரில் இன்றுவரை வைத்திருக்கின்றன என்பதையும் மறக்கக்கூடாது. அளவு அவுன்சில் இருந்தால் முந்தியது, மில்லிலீற்றரில் இருந்தால் பெரும்பாலும் 1970களும் அதற்குப் பின்னும். கிரீடம்போல் மடிந்த தகர மூடிக்கு வில்லியம் பெயின்ரர் காப்புரிமை பெற்றது 1892இல். அந்த மூடிக்கேற்ற வாய் கொண்ட போத்தல் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது.

நிறத்தைக் கொண்டு காலத்தைச் சொல்வது கடினம். ஒரு விதிவிலக்கு உண்டு. 1880களிலிருந்து முதலாம் உலகப் போர் வரையான காலத்தில் கண்ணாடியை வெளிறச் செய்ய மங்கனீசு சேர்த்தார்கள். அத்தகைய கண்ணாடி நெடுங்காலம் வெயிலில் கிடந்தால் இளம் ஊதாவாக மாறும். மண்ணுக்குள் மாறாது. பழைய மதில்களின் உச்சியில் கள்ளருக்காகப் பதித்த போத்தல் ஓடுகளில் அந்த ஊதா ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தோண்டாமலே கற்கக்கூடிய பாடம் அது.

சில வகைகளை விரைவில் அடையாளம் காணலாம். அடி உருண்டு, நிமிர்த்தி வைக்க முடியாத சோடாப் போத்தல், தக்கை எப்போதும் நனைந்திருக்கவேண்டும் என்பதற்காகப் படுக்கவைக்கும் வகையிற் செய்யப்பட்டது. ஆறு பட்டையும் வரம்புகளும் கொண்ட கடும் நீல அல்லது பச்சைப் போத்தல், இருட்டிலும் கை தடவி அறியட்டும் என்று நஞ்சுக்காகச் செய்யப்பட்டது. அதில் எஞ்சியிருப்பதை முகரவும் கூடாது. மேலே அகன்று கீழே ஒடுங்கும் சதுரப் போத்தல், மரப்பெட்டிக்குள் இடம் வீணாகாமல் அடுக்குவதற்கான ஜின் போத்தல். இதைக் கண்டவுடனே ஒல்லாந்தர் காலத்தது என்று விலை சொல்பவர்கள் இங்கே பலர். ஆனால் அந்த வடிவம் 19ஆம் நூற்றாண்டு முழுவதும் ஏற்றுமதியானது. அடியையும் வாயையும் பாராமல் வடிவத்தை மட்டும் நம்பக்கூடாது.

போளை (கண்ணாடிக் கோலிக்குண்டு) அடைத்த சோடாப் போத்தலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஆங்கிலேயரான ஹைரம் கொட் 1870களின் தொடக்கத்தில் இதற்குக் காப்புரிமை பெற்றார். என் அம்மம்மாவின் வளவில், கறிவேப்பிலை மரத்தடியில், முழங்காலளவு ஆழத்தில் கிடைத்த ஒன்று இப்போது என் மேசையில் இருக்கிறது. கழுத்தின் கீழே இரு பக்கமும் கட்டைவிரலால் அமுக்கியதுபோல ஒடுங்கியிருப்பதால் போளை கீழே விழாமல் அந்த அறைக்குள் உருளுகிறது. அதற்குச் சற்று மேலே இரண்டு சிறு குழிகள். குடிக்கச் சரிக்கும்போது போளை அவற்றில் தங்கி வழியை அடைக்காமல் நிற்கும். வாயின் உட்புறத்தில் ஒரு பள்ளம். அதில் இருந்த இறப்பர் வளையத்தின்மீது, உள்ளே இருந்த வாயுவின் அழுத்தமே போளையைத் தள்ளி மூடி வைத்தது. இறப்பர் உக்கிப்போய்விட்டது. போளையை எடுக்கவென்று சிறுவர்கள் இந்தப் போத்தல்களை உடைத்துவிட்டதால், முழுதாக ஒன்று கிடைப்பது அரிது. கழுத்து மட்டும் கிடைத்தாலும் எறியாதீர்கள்.

கழுவுதல்

எடுத்த உடனே கழுவக்கூடாது. நிழலில் ஒரு நாள் வைத்து, மண்ணைக் காயவிட்டு, பிறகு அறை வெப்பமுள்ள நீரில் ஊறவிடுங்கள். நான் தொடக்கத்தில் அவசரப்பட்டுக் குளிர்ந்த மருந்துப் போத்தல் ஒன்றின்மேல் சுடுநீரை ஊற்றினேன். நெற்றென்ற ஒலியோடு தோளிலிருந்து அடிவரை வெடித்தது. இன்றும் அந்த இழப்பு மனத்தை உறுத்துகிறது. உட்புறத்துக்கு ஒரு பிடி அரிசியும் தண்ணீரும் இட்டு மெதுவாகக் குலுக்குங்கள். எமது சுண்ண மண் வெள்ளைப் படிவாக ஒட்டியிருந்தால் தேசிக்காய்ச் சாறு கலந்த நீர் போதும். இரும்புத்தும்பு, மணல், கடும் அமிலம் எதுவும் வேண்டாம். மயிற்கழுத்துப்போல் பல நிறம் காட்டும் மெல்லிய படலம் இருந்தால் அதைத் தேய்க்காதீர்கள். அது அழுக்கன்று, ஈரமண் கண்ணாடியிலிருந்து காரத்தை உறிஞ்சியதால் மேற்பரப்பே படலமாகப் பிரிந்திருக்கிறது. தேய்த்தால் போத்தலின் உடலே உரிந்துபோகும். உள்ளே திரவம் இருக்கும் போத்தலைத் திறக்காமல் ஒதுக்கி வையுங்கள்.

மதிப்பிடுதல்

விலையைத் தீர்மானிப்பவற்றுள் முதலாவது நிலைமை. வாயைச் சுற்றி நகத்தை ஓட்டினால் கண்ணுக்குத் தெரியாத சிதைவும் தடுக்கும். சாய்ந்த ஒளியில் சுழற்றினால் மயிர்வெடிப்பு மின்னலாய்த் தோன்றும். முன்னர் சொன்னபடி எமது போத்தல்கள் நெடுங்காலம் பாவிக்கப்பட்டவை. அடியில் தேய்வும் வாயில் சிறு சிதைவும் இருப்பது இயல்பு. அடியில் தேய்வே இல்லாத “பழைய” போத்தலைத்தான் நான் ஐயுறுவேன். போளைச் சோடாப் போத்தல்கள் இந்தியாவில் அண்மைக் காலத்திலும் உற்பத்தியாகிவந்தன. அழகிய நிறங்களில் புதிதாகச் செய்தவற்றைப் பழையவை என்று விற்பவர்களும் உள்ளனர்.

இரண்டாவது, எழுத்து. எழுத்தில்லாத தெளிந்த போத்தலுக்குப் பழைய சாமான் வாங்க வருபவர் தரும் விலையே விலை. கொம்பனியின் பெயர் புடைத்திருந்தால் மதிப்பு ஏறும். யாழ்ப்பாணம் என்றோ இங்குள்ள ஊர் ஒன்றின் பெயரோ பொறித்திருந்தால், உலகச் சந்தையில் அதற்குப் பெயர் இல்லாவிட்டாலும், இங்குள்ள சேகரிப்பாளருக்கு அதுவே முதலிடம். விலையை அறிய, விற்பவர்கள் கேட்கும் தொகையைப் பார்க்காதீர்கள். உண்மையில் விற்று முடிந்த தொகையைத் தேடுங்கள். ஏல இணையத்தளங்களில் முடிந்த விற்பனைகளை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். வெளிநாட்டு விலையை அப்படியே ரூபாயாக மாற்றி எதிர்பார்ப்பதும் தவறு. கனமும் உடையும் தன்மையும் கொண்ட பொருளுக்கு அனுப்புசெலவே போத்தலின் விலையை விழுங்கிவிடும். கிடங்கின் கரையில் நின்று எவருக்கும் விற்காதீர்கள். குறைந்தது இருவரிடம் காட்டிய பின் முடிவெடுங்கள்.

சந்தை மதிப்பிடத் தெரியாத பொருள்களும் உண்டு. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் கிடைப்பதும் அரிதாயிற்று. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, திரியேற்றி எரித்த சிறு விளக்கில்தான் ஒரு தலைமுறை படித்தது. அம்மம்மாவின் அதே வளவில் மூடிய பங்கர் கிடங்கிலிருந்து அப்படி ஒன்றை எடுத்தேன். வாயின் ஒரு பக்கம் புகைக்கறை படிந்திருக்கிறது. அடியில் பஞ்சு இருந்த இடம் பழுப்பு வளையமாகத் தெரிகிறது. மூடி துருவேறிச் சல்லடையாகிவிட்டது. வியாபாரி ஒருவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. என் சேகரிப்பில் நான் கடைசிவரை கொடுக்காத பொருள் அதுவாகத்தான் இருக்கும். இத்தகையதைக் கறைகூடக் கழுவாமல் வையுங்கள்.

ஒவ்வொரு போத்தலுக்கும் ஓர் அட்டை எழுதுங்கள்: ஊர், வளவின் எந்தப் பக்கம், எத்தனையாம் படை, ஆழம், உடன் கிடந்தவை, எடுத்த திகதி, காணிக்காரர் சொன்ன கதை. இலக்கத்தை மையால் போத்தலில் எழுதாமல், நூலில் கட்டிய சிட்டையில் எழுதிக் கழுத்தில் தொங்கவிடுங்கள். போத்தலை விற்றாலோ பாடசாலைக்கோ அருங்காட்சியகத்துக்கோ கொடுத்தாலோ அட்டையையும் சேர்த்தே கொடுத்து, அதன் பிரதி ஒன்றை உங்கள் கொப்பியில் ஒட்டி வையுங்கள்.